கண்மாய்க் கரையில் பழகிய கால்: மலைத்தடத்தில் வண்டி ஓட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டில் வண்டி ஓட்டப் பழகியவனுக்கு மேடு என்றால் கண்மாய்க் கரைதான். இரண்டாவது கியரில் ஒரு மிதி மிதித்தால் ஏறிவிடும். பிரேக்கில் காலை வைத்தபடி மறுபக்கம் இறங்கிவிடலாம். மற்றபடி காரைக்குடியிலிருந்து தேவகோட்டை வரை கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். குன்றக்குடி மலை ஒன்று இருக்கிறது, அதற்குப் படியேறித்தான் போக வேண்டும்.

இப்போது எங்கள் தெருவிலேயே நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் இழுவை போகும் ஃபோர் பை ஃபோர் வண்டிகள் மூன்று நிற்கின்றன. ஞாயிறு விடிகாலையில் கிளம்பினால் திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் வழியாக, நடுவில் ஒரு டீயும் குடித்துவிட்டு, எட்டு மணிக்கெல்லாம் சிறுமலை அடிவாரத்துக்குப் போய்விடலாம். மேலே போகும் தார்ச் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். அதை யாரும் ஏறிவிடலாம். கதை அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. தெரிந்தவர் தோட்டத்துக்குப் பிரியும் மண் தடத்தில், ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாக இருக்கும் இடத்தில், கண்மாய்க் கரையில் பழகிய அதே கால் தானாக வேலை செய்யும். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை அறியாமையால் வந்தவை அல்ல. சமவெளியில் சரியாக இருந்த பழக்கங்கள்தான் அங்கே தவறாகிவிடுகின்றன.

போவதற்கு முன்பே ஒரு தவறு நடந்துவிடுகிறது. தடம் தெரிந்தால் போதும், போகலாம் என்று நினைத்துக்கொள்கிறோம். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். தனியார் தோட்டமென்றால் உடையவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். பாதை முந்தாநாள் மழையில் அரித்திருக்கிறதா என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

இறக்கத்தில் இடது கால்

கொழுக்குமலைக்குப் போகிறவர்கள் சூரியநெல்லியில் உள்ளூர் ஜீப்பில் ஏறிக்கொள்வார்கள். மலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும் பாதை கேரளப் பக்கமிருந்துதான். அந்தக் குலுக்கலில் எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் ஓட்டுநரின் இடது காலைப் பாருங்கள். இறங்கும்போது அது கிளட்சின் பக்கமே போகாது, தரையில் சும்மா இருக்கும். வண்டி முதல் கியரில் முனகிக்கொண்டு தானாக இறங்கும். பிரேக்கை அவ்வப்போது ஒரு தட்டு தட்டுவார், அவ்வளவுதான்.

நம் ஆட்கள் செய்வது நேர் எதிர். வண்டி கொஞ்சம் வேகமெடுத்ததும் பயத்தில் இரண்டு காலையும் அழுத்துவார்கள். கிளட்ச் அழுந்திய கணத்தில் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உறவு அறுந்துபோகிறது. இன்ஜின் பிடித்து வைத்திருந்த பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழுகிறது. வேகம் கூடுகிறது, பயமும் கூடுகிறது, கிளட்சை இன்னும் அழுத்துகிறோம்.

பிரேக் எவ்வளவு சுமக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆட்களோடும் சாமான்களோடும் 2 டன் எடையுள்ள வண்டி 1000 மீட்டர் உயரம் இறங்கினால், 60 லிட்டருக்கும் மேலான தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு சூடு எங்காவது போய்ச் சேர வேண்டும். கல்யாண வீட்டில் அண்டாவில் உலை வைப்பது போலத்தான். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை இன்ஜினிடம் கொடுப்பதா, நாலு பிரேக்கிடம் கொடுப்பதா என்பது உங்கள் கியரைப் பொறுத்தது.

பிரேக்கிடமே கொடுத்தால் முதலில் கருகிய வாடை வரும். அப்புறம் பெடல் பஞ்சு போல உள்ளே போகும். பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் அப்படித்தான் ஆகும். டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் 230 டிகிரி வரையாவது தாங்க வேண்டும். ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். ஈரம் ஏறிய பின் 155 டிகிரி தாங்கினாலே தரம் சரிதான் என்று விட்டுவிடுவார்கள். டாட் 3 என்றால் இதே கணக்கு 205, 140. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது இதனால்தான். காரைக்குடிக்குள்ளேயே ஓடுகிற வண்டிக்கு ஐந்து வருஷம் மாற்றாவிட்டாலும் ஒன்றும் தெரியாது. மலை இறங்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள் என்பது பழைய லாரிக்காரர்கள் பேச்சு. தார்ச் சாலைக்கு அது போதும். மண் தடத்துக்கு ஃபோர் எல்லில், அதாவது நாலு சக்கரமும் குறைந்த வேகத்தில் இழுக்கும் கியர் வரிசையில், முதல் கியர். அதைத் தடத்தின் தலைமாட்டில் நிறுத்திப் போட்டுக்கொள்ள வேண்டும். பாதி இறக்கத்தில் கியரைத் தேடினால், தேடும் அந்த இரண்டு விநாடி வண்டி உங்களுடையதல்ல. ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்கள் டி-யிலேயே விட்டு இறங்காமல் எல் அல்லது மேனுவல் முறையில் முதல் கியரைப் பிடித்து வையுங்கள். இறக்கக் கட்டுப்பாட்டுப் பொத்தான் இருக்கிறதே என்பவர்களுக்கு: அது கடகடவென்று செய்யும் வேலையும் பிரேக்கைக் கொண்டுதான், சூடு ஏறத்தான் செய்யும்.

நியூட்ரலில் விட்டு எண்ணெய் மிச்சம் பிடிக்கும் பழக்கம் இன்னும் சாகவில்லை. கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்றைய இன்ஜின்கள் எரிபொருளை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க எண்ணெய் செலவாகும். சாவியையே அணைத்துவிட்டு இறங்குகிற கெட்டிக்காரர்களும் உண்டு. இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் கனத்துவிடும்.

வளைவில் உள்பக்கம்

சிறுமலைத் தார்ச் சாலையை ஏறி முடித்தவன் வளைவு தனக்கு வந்துவிட்டதென்று நினைப்பான். உண்மையில் அந்த வளைவுகள் நமக்காக இளக்கி வைக்கப்பட்டவை. நம் நாட்டு மலைச்சாலை விதிமுறையின்படி கொண்டை ஊசி வளைவின் உள் ஆரம் 14 மீட்டருக்குக் குறையக் கூடாது, வளைவுக்குள் சரிவு 40-க்கு 1-ஐத் தாண்டக் கூடாது. அதாவது திரும்பும் இடம் கிட்டத்தட்ட சமதரை. தோட்டத் தடத்தை வெட்டியவர் எந்த விதியையும் பார்த்து வெட்டவில்லை. அங்கே திரும்பும் இடம்தான் பாதையிலேயே செங்குத்தானது.

அதிலும் உள்பக்கம் மோசம். ஒரே உயரத்தைக் குறைந்த தூரத்தில் ஏற வேண்டியிருப்பதால் உள்விளிம்பு சுவர் போல நிற்கும். ஊருக்குள் முனை திரும்பும்போது உள்ளே ஒட்டித் திரும்பிப் பழகிய கை இங்கேயும் உள்ளேயே போகும். அடுத்தது பின்சக்கரம். அது முன்சக்கரம் போன வழியில் வராது, இன்னும் உள்ளே தள்ளித்தான் வரும். முன்சக்கரம் விளிம்பைத் தப்பித்துவிட்டது என்று நிம்மதியாகும் நேரத்தில் பின்சக்கரம் விளிம்பில் தொங்கும். மாட்டுவண்டியைச் சந்துக்குள் திருப்பியவர்களுக்கு இது தெரியும். திண்ணை முனையை இடிப்பது மாடல்ல, வண்டிதான்.

எனவே, எதிரே வண்டி இல்லையென்று உறுதி செய்துகொண்டு, வெளிப்பக்கம் நன்றாகப் போய், தாமதமாகத் திருப்புங்கள். ஒரே ஒடியில் வராவிட்டால் அவமானம் ஒன்றுமில்லை. நிறுத்தி, பின்னால் எடுத்து, மறுபடி போங்கள். அப்படி முன்னும் பின்னும் போகும்போது முடிந்தவரை வண்டியின் முகம் பள்ளத்தையும் பின்பக்கம் மலையையும் பார்க்கட்டும். பள்ளம் கண் முன்னால் இருந்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் பிறர் சொல்வதை நம்பித்தான் ஆக வேண்டும்.

பிறர் சொல்வது என்றதும் நினைவு வருகிறது. எங்கள் வண்டி ஒன்று இப்படித் திரும்ப முடியாமல் நின்றபோது இறங்கி வழி சொன்னவர்கள் ஐந்து பேர். சித்தப்பா “ரைட்ல ஒடி, ஒடி” என்கிறார். மச்சான் “அண்ணே, நேராக்குங்க” என்கிறான். அப்பத்தா உள்ளே உட்கார்ந்தபடியே “போதும்ப்பா, நான் இறங்கிக்கிறேன்” என்றார். அன்றைக்குச் சரியாகச் சொன்னவர் அவர்தான். வழி சொல்ல ஒருவர் போதும். அவர் ஓட்டுகிறவர் கண்ணில் படும் இடத்தில் நிற்க வேண்டும், வண்டிக்குக் கீழே சரிவில் நிற்கவே கூடாது. “வா வா” என்று வாயால் சொல்வதைவிடக் கையால் காட்டுவது நல்லது, இன்ஜின் சத்தத்தில் “வா”வும் “வேணா”வும் ஒன்றாகத்தான் கேட்கும். மற்றவர்கள் மேலே ஏறி நின்று வேடிக்கை பார்க்கலாம்.

நாலு சக்கரத்தையும் பூட்டிய பெருமையில் தார்ச் சாலை வளைவிலும் அதே கியரில் போகிறவர்கள் உண்டு. மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி போன்ற வண்டிகளில், முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழிவிடும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டும், பூட்டியிருந்தால் முடியாது. மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வண்டி இழுத்துப் பிடித்த மாதிரி திணறும், கியர்ப் பெட்டிக்கும் கேடு. மண் வந்ததும் போடுங்கள், தார் வந்ததும் எடுங்கள்.

ஏற முடியாமல் நின்றுவிட்டால்

இதுதான் உயிர் போகும் இடம், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். ஏற்றத்தின் பாதியில் இன்ஜின் அணைந்துவிட்டது. சமவெளிக் கால் என்ன செய்யும்? கிளட்சை அழுத்தி, வண்டியைப் பின்னால் உருளவிட்டு, ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பிக்கொள்ளலாம் என்று பார்க்கும். நானும் செய்திருக்கிறேன். கிளட்சில் கால், வண்டி பின்னால் ஓடுகிறது, நான் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். முன்சக்கரங்கள் நின்றுவிட்டன, வண்டி நிற்கவில்லை, சரளைக்கல்லில் சறுக்கிக்கொண்டு முகம் ஒரு பக்கம் திரும்பியது. பின்பம்பர் மண்மேட்டில் போய்க் குத்தியதால் நின்றது. மேடு அந்தப் பக்கம் இருந்தது என் சாமர்த்தியம் அல்ல.

சரிவுக்குக் குறுக்கே வண்டி திரும்பினால் எடை முழுவதும் கீழ்ப்பக்க டயர்கள் இரண்டின் மேல் சாயும். உயரமான ஜீப் அங்கிருந்து கவிழ்வதற்கு ஒரு கல் போதும். ஆகவே சரிவில் திரும்பவே கூடாது, போன தடத்திலேயே நேராகப் பின்னால்தான் இறங்க வேண்டும். பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள், ஹேண்ட் பிரேக்கையும் இழுங்கள். இன்ஜினைக் கிளப்பி, ரிவர்ஸ் கியரைப் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு, கிளட்சிலிருந்து காலை முழுவதும் எடுங்கள், அதோடு சேர்த்தே பிரேக்கையும் மெல்ல விடுங்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறக்கும். ஸ்டீயரிங் நேராக, கண் இரண்டு கண்ணாடியிலும். அடிக்கு வந்த பிறகு ஏன் நின்றது என்று யோசிக்கலாம்.

பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று. கியரை முன்பே குறைக்காமல் ஏற்றத்தில் மாற்றப் பார்த்திருப்போம். இல்லையென்றால் கண்மாய்க் கரைக்குக் கொடுக்கும் அதே மிதியைக் கொடுத்து, சக்கரம் சுற்றிக் குழி பறித்திருக்கும். சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் ஆக்சிலேட்டரைக் குறைக்க வேண்டும், கூட்டக் கூடாது. ஏறுவதற்கு முன் இறங்கிப் பத்து நிமிஷம் நடந்து பார்த்துவிட்டு வருகிறவன் இந்தப் பத்திக்கே வரமாட்டான்.

சில்லறைத் தவறுகள்

மேல் கேரியரில் சாமான் ஏற்றுவது நம் ஊர் வியாதி. ஒரு நாள் பயணத்துக்கு முறுக்கு டின், தண்ணீர் கேன், பாய், புளியோதரைப் பாத்திரம் எல்லாம் உச்சியில். கனமானதெல்லாம் உள்ளே, தரையில், கட்டி வைக்கப்பட வேண்டும். மேலே பாயும் தலையணையும் போகட்டும்.

ஸ்டீயரிங்கின் உள்ளே கட்டைவிரலைக் கோத்துப் பிடிக்காதீர்கள். முன்சக்கரம் கல்லில் முட்டினால் ஸ்டீயரிங் சுண்டிவிடும், பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய ஜீப்பில் விரல் முறிந்துபோகும்.

டயர் காற்றைக் குறைப்பது நல்லதுதான். 32 பி.எஸ்.ஐ. இருக்கும் டயரில் 22 அளவுக்கு இறக்கினால் பிடி கூடும், குலுக்கல் குறையும். அதற்காக 12, 14 என்று இறக்கினால் கூர்ங்கல்லில் டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழியும். அங்கே பஞ்சர் ஒட்ட முடியாது.

எதிரே வண்டி வந்தால் ஏறுகிறவருக்குத்தான் முதல் வழி, சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஏற்றத்தில் நின்றவர் மறுபடி கிளம்புவது எவ்வளவு பாடு என்று மேலே பார்த்தோம். யார் பெரிய வண்டி, யார் முதலில் ஹாரன் அடித்தது என்பதெல்லாம் இங்கே செல்லாது.

சரிவில் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரிலும் போட்டு, முன்சக்கரத்தை மலைப்பக்கம் ஒடித்து, டயருக்குக் கல்லும் வைப்போம். எல்லோரும் செய்கிறோம். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போடுகிறவர்கள்தான் குறைவு. இருட்டிய பின் பைக்கில் வரும் தோட்டத் தொழிலாளிக்கு அது தெரியாது.

அடிவாரத்துக்கு வந்ததும் சக்கரத்தில் புகை வருகிறதே என்று கேனிலிருக்கும் தண்ணீரை டிஸ்கில் ஊற்றுகிறார்கள். கொதிக்கும் இரும்பில் தண்ணீர் பட்டால் டிஸ்க் நெளியும், விரிசலும் விடலாம். ஹேண்ட் பிரேக்கைப் போடாமல் சமதரையில் கல் வைத்து நிறுத்தி, அரைமணி நேரம் சும்மா விடுங்கள். சூடு இறங்கியதும் டயரின் காற்றைப் பழைய அளவுக்கு ஏற்றாமல் ஊர் திரும்பாதீர்கள். நத்தம் ரோட்டில் 80-இல் போகும்போது 22 காற்றுள்ள டயர் சூடேறி வெடிக்கலாம். காற்றடிக்கும் தம்பி “என்னண்ணே, நாலும் ஒண்ணா இறங்கியிருக்கு?” என்று கேட்பார். மலைக்குப் போய் வந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.