புதிய லொறிச் சாரதி தனியாக ஓட எவ்வளவு காலம் பழக வேண்டும்? யாழ்ப்பாணத்தில் பழகுபவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

அனுமதிப்பத்திரம் கைக்கு வந்த கிழமையே "அண்ணை, எப்ப தனிய விடுவியள்?" என்று கேட்காத பொடியன் இல்லை. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே வான் ஓட்டிப் பழகியவர் என்றால், சின்ன லொறியைத் தனியாக எடுப்பதற்கு முன் அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குறைந்தது மூன்று மாதம் ஓட வேண்டும். பத்துச் சில்லு லொறிக்கு ஆறு மாதம். அந்த ஆறு மாதத்துக்குள் மாரி மழையும் வந்து போயிருக்க வேண்டும். இது சட்டம் போட்ட கணக்கு இல்லை, பழக்கிப் பார்த்த என் கணக்கு.

கனடாவில் இருக்கும் எங்கள் ஆட்களைக் கேட்டால் மணித்தியாலத்தில் சொல்வார்கள். ஒன்டாரியோவில் 2017 ஜூலை 1 முதல், பெரிய இழுவை டிரக் ஓட்டுவதற்கான வீதிப் பரீட்சைக்குப் போக முன் குறைந்தது 103.5 மணித்தியாலம் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 2022 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதியோ மணித்தியாலம் எதையும் குறிக்கவில்லை. ஒவ்வொரு வேலையையும் பழகுபவர் சரியாகச் செய்கிறார் என்று பயிற்றுநர் உறுதிப்படுத்த வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பிறகும் பல கம்பனிகள் புதியவரைக் கிழமைக்கணக்கில் மூத்த சாரதியோடு சேர்த்துத்தான் அனுப்புகின்றன. மணித்தியாலத்தை எண்ணாமல் வேலையைப் பார்க்கும் அமெரிக்க முறையின் பக்கம்தான் நான். மாதம் ஓடிவிடும், வேலை பழகியிருக்காது. அதனால் கீழே உள்ள படிகளை ஒவ்வொன்றாக முடித்த பிறகு அடுத்ததுக்குப் போங்கள்.

படி 1: எடையைப் பாருங்கள்

லொறியின் சொந்த எடையும் அது ஏற்றக்கூடிய சுமையும் சேர்ந்ததுதான் மொத்த எடை. அது 3,500 கிலோ வரை என்றால் பி வகுப்பு போதும். அதற்கு மேல் 17,000 கிலோ வரை சி1, அதையும் தாண்டினால் சி, பின்னால் இழுவைப் பெட்டி பூட்டினால் சிஈ. பார்க்கச் சின்னதாக இருக்கிறது என்று நம்பி ஏறாமல், பதிவுச் சான்றிதழை வாங்கிப் பாருங்கள். பொருந்தாத அனுமதிப்பத்திரத்தோடு ஓடி ஏதாவது நடந்தால் காப்புறுதி கைகொடுக்காது.

படி 2: வெறும் லொறி, வெறும் வெளி

முதல் இரண்டு கிழமையும் பிரதான வீதியே வேண்டாம். திறந்த வெளி ஒன்றில் கற்களை வைத்துத் திரும்பிப் பழகுங்கள். வான் ஓட்டியவருக்கு இங்கேதான் கை தடுமாறும். லொறி திரும்பும்போது பின்சில்லு முன்சில்லு போன தடத்தில் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். வாகனம் நீளமானால் வெட்டும் கூடும். ஒருவரை வெளியே நிறுத்தி, பின்சில்லு எங்கே போகிறது என்று சுண்ணாம்பால் கோடு போடச் சொல்லுங்கள். இறங்கி வந்து அந்தக் கோட்டைப் பாருங்கள். பத்து நாள் வாயால் சொல்லிக் கொடுப்பதை அந்த ஒரு கோடு சொல்லிவிடும்.

பிறகு ஒழுங்கைகள். யாழ்ப்பாணத்து ஒழுங்கை போல ஒரு பள்ளிக்கூடம் வேறெங்கும் கிடைக்காது. இரண்டு பக்கமும் மதில், முடக்கில் ஒரு மதகு, தலைக்கு மேலே தாழ்ந்து தொங்கும் வயர், மாமரக் கொப்பு. பின்னுக்கு எடுக்கும்போது கிளீனர் "வரட்டும் வரட்டும்" என்று சொல்வதைக் கேட்பது மட்டும் போதாது, அவர் கண்ணாடியில் தெரிய வேண்டும். தெரியாத நொடியே பிரேக்கை மிதியுங்கள். அவர் சில்லுக்குப் பின்னால் நிற்கலாம். இடது கதவை ஒட்டிய பகுதியும் சாரதியின் கண்ணுக்குத் தெரியாது. ரியூசன் விட்டுச் சைக்கிளில் வரும் பிள்ளைகள் நுழைவது சரியாக அந்த இடத்துக்குள்தான். திரும்ப முன் ஒன்றுக்கு இரண்டு தடவை பாருங்கள்.

படி 3: காலையில் சுற்றிப் பார்ப்பதும் படங்கு கட்டுவதும்

டயர், சில்லு நட்டு, விளக்கு, ஒயில், தண்ணீர் எல்லாரும் பார்ப்பார்கள். காற்று பிரேக் உள்ள லொறியில் இன்னும் ஒன்று இருக்கிறது. எஞ்சினைப் போட்டுக் காற்று அழுத்தம் ஏறும் வரை அசையக் கூடாது. காற்றுத் தாங்கியில் சேரும் தண்ணீரைத் திறந்து விடவும் வேண்டும். ஓடும்போது தேவையில்லாமல் பிரேக்கை மிதித்து மிதித்து விட்டால் காற்று குறைந்துகொண்டே போகும் என்பதையும் இங்கேயே மனதில் வையுங்கள்.

படங்கு கட்டுவது கிளீனரின் வேலை என்று எந்தப் பழகுநரும் ஒதுங்கக் கூடாது. 2018 ஏப்ரல் 6 அன்று கனடாவின் சஸ்காச்சுவானில் ஒரு டிரக், நிறுத்தற் குறியைத் தாண்டிப் போய், ஹம்போல்ட் ஐஸ் ஹொக்கி அணி போன பஸ்ஸின் பாதையில் வந்து விபத்து நடந்தது. 16 பேர் இறந்தார்கள். டிரக் ஓட்டியவர் வேலைக்குச் சேர்ந்து சில கிழமைகள்தான். பின்னால் அடித்துக்கொண்டிருந்த படங்கில் அவர் கவனம் போயிருந்தது என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அதன் பிறகுதான், 2019 மார்ச்சில், அந்த மாகாணம் 121.5 மணித்தியாலப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. படங்கு அடிக்கிறதா, ஓரமாக நிறுத்துங்கள், இறங்கிக் கட்டுங்கள், பிறகு எடுங்கள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓடுவது வேண்டவே வேண்டாம். என்னிடம் பழகுபவருக்கு நான் முதலில் கொடுக்கும் வேலை கயிறுதான்.

படி 4: சுமையோடு ஏ9

முதலில் அரைச் சுமை, பகல் நேரம், கிளிநொச்சி வரை போய்த் திரும்புங்கள். பிறகு வவுனியா. கொழும்பு கடைசியில். 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் போய்விடுகிறோம். கால் பிரேக்குக்குப் போகும் முன்பே அந்தத் தூரம் முடிந்துவிடும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நாலு மடங்காகும். அதனால் முன்னால் போகும் வாகனத்துக்கு இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளிக்குள் ஒரு கார் புகுந்தால் கோபப்படாமல் இன்னும் கொஞ்சம் பின்னுக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

சீமெந்து மூட்டையும் கோவாவும் ஒரே மாதிரி ஓடாது. சீமெந்து பாரம், ஆனால் தாழ்வு. கோவா உயரமாக அடுக்கப்படும், முடக்கில் ஆளைச் சரிக்கும். வெறும் பெட்டி லொறியோடு ஆனையிறவுக் கடல்வெளியிலும் சங்குப்பிட்டிப் பாலத்திலும் பக்கக் காற்றுக்கு ஸ்டியரிங்கைப் பிடித்துப் பழகுவதும் ஒரு தனிப் பாடம்.

படி 5: எங்கள் ஊரில் இல்லாத பாடம்

குடாநாடு தட்டை. இங்கே பத்து வருடம் ஓடினாலும் இறக்கம் எப்படி இருக்கும் என்று தெரியாது. கரட், லீக்ஸ் ஏற்ற நுவரெலியாவுக்கு அனுப்பினால் அன்றைக்குத்தான் மலையைப் பார்ப்பார். பாரத்தோடு இறங்கும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறி, பிடிப்புக் குறைந்து, கடைசியில் மிதித்தாலும் நிற்காத நிலை வரும். இறக்கம் தொடங்க முன்பே கியரைக் குறைத்து, எக்ஸோஸ்ட் பிரேக்கை (புகை வெளியேறுவதைத் தடுத்து எஞ்சினை மெதுவாக்குவது) போட்டு, எஞ்சினால் லொறியைப் பிடித்து வர வேண்டும். நியூட்ரலில் போட்டு டீசல் மிச்சம் பிடிக்கும் பழக்கம் உள்ளவரிடம் பழகாதீர்கள். கடுகண்ணாவை இறக்கத்திலோ நுவரெலியா வீதியிலோ மூத்த சாரதியோடு பல தடவை இறங்கிய பிறகுதான் இந்தப் படி முடிந்தது. ஆறு மாதமாக யாழ்ப்பாணத்துக்குள்ளேயே ஓடியவரை நான் மலைக்குத் தனியாக அனுப்ப மாட்டேன்.

படி 6: இரவு

மாங்குளம் பக்கம் வீதியில் படுத்திருக்கும் மாடு, பின்விளக்கு இல்லாத உழவு இயந்திரம், அறுவடை காலத்தில் ஓரத்தில் காயும் நெல், அனுராதபுரத்தைத் தாண்டினால் யானை. விளக்கு வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில் மட்டும் ஓடுங்கள். விடியற்காலை இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் உடம்பு தானாகத் தூக்கம் கேட்கும். பாட்டும் தேநீரும் அதை மாற்றாது. நிறுத்திப் படுக்க வேண்டும். சந்தைக்கு நேரம் போகிறது என்று முதலாளி தொலைபேசியில் அவசரப்படுத்தினாலும் "அண்ணை, ஒரு அரை மணி படுத்திட்டு வாறன்" என்று சொல்லும் துணிவு வந்திருக்க வேண்டும். இது வராதவரை, கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இரவு ஓட்டத்துக்குத் தனியாக விடுவது சரியில்லை.

படி 7: பக்கத்தில் இருப்பவர் பேசாமல் வரும் பயணம்

கடைசி இரண்டு மூன்று கிழமை பயிற்றுநர் வாயே திறக்கக் கூடாது. எங்கே நிறுத்துவது, எப்போது கயிற்றைப் பார்ப்பது, எந்தப் பாதை எல்லாவற்றையும் பழகுபவரே முடிவெடுக்க வேண்டும். ஒரு தடவையாவது பயிற்றுநர் கை நீட்டியோ சத்தம் போட்டோ தடுக்க வேண்டி வந்தால், அந்தக் கிழமையைக் கணக்கில் சேர்க்காமல் திரும்ப ஓடுங்கள்.

எல்லாம் சரியென்றால் முதல் தனி ஓட்டத்துக்குத் தெரிந்த பாதை, தெரிந்த சுமை, பகல் நேரம் எடுங்கள். சுன்னாகம் சந்தையிலிருந்து கிளிநொச்சிக்கு வெங்காய மூட்டை நல்ல தொடக்கம். கிளீனரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனையிறவைத் தாண்டி ஓரமாக நிறுத்தி, கயிற்றை இழுத்துப் பார்த்து, சில்லுகளைத் தொட்டுச் சூடு பார்த்துவிட்டுப் பழக்கியவருக்கு ஒரு அழைப்பு எடுங்கள். முதல் மாதம் முழுக்க இப்படியே பகலில் ஓடுங்கள். இரவும் மலையும் அதற்குப் பிறகு.