பிஎஸ்ஏடி: அக்டோபருக்கு முன் நம் வீடுகளில் நடக்கும் தவறுகள்

இங்கே அமெரிக்காவில், கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதும் எஸ்ஏடி தேர்வுக்கு முன்னோடியாகப் பள்ளிப் பிள்ளைகள் அக்டோபரில் எழுதுவது பிஎஸ்ஏடி. என் பெரியவள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது அதை எழுதாமல் போனாள். காரணம் நான்தான். எஸ்ஏடிக்கு, அதை நடத்தும் காலேஜ் போர்டின் தளத்தில் பணம் கட்டிப் பதிவு செய்கிற மாதிரி இதற்கும் ஒரு பட்டன் இருக்கும் என்று நினைத்து, செப்டம்பர் முழுக்க அந்தத் தளத்தைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு பட்டனே கிடையாது. பிஎஸ்ஏடிக்குப் பெயர் கொடுப்பது, பணம் கட்டுவது எல்லாம் பள்ளி வழியாகத்தான். கடைசித் தேதியையும் பள்ளியே வைத்துக்கொள்ளும். எங்களுக்கு வந்த வாராந்திர மெயிலில் ஃபுட்பால் மேட்ச் அறிவிப்புக்குக் கீழே ஒற்றை வரியாக அது வந்து போயிருந்தது. சில பள்ளிகள் எல்லாப் பிள்ளைகளையும் தாமாகவே சேர்த்துவிடும், சில, கேட்டால்தான். பள்ளி திறந்ததுமே பள்ளி ஆலோசகருக்கு (கவுன்சிலர்) ஒரு மெயில் போட்டுவிடுங்கள். வீட்டிலிருந்தே படிக்கும் பிள்ளை என்றால் பக்கத்துப் பள்ளி எதிலாவது இடம் கேட்க வேண்டும், அதற்கு இன்னும் முன்னாலேயே.

பத்தாம் வகுப்பு என்பதால் தப்பித்தோம். பிஎஸ்ஏடி மார்க்கை வைத்துத் தரும் நேஷனல் மெரிட் உதவித்தொகைக்குப் பொதுவாகக் கணக்கில் எடுப்பது பதினொன்றாம் வகுப்பு அக்டோபரில் எழுதும் தேர்வை மட்டும்தான். அதற்கு முன்னால் எழுதுவது எல்லாம் ஒத்திகை. இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் வீடுகள் நிறைய. பத்தாம் வகுப்பு மார்க்குக்காக வீட்டில் ரணகளம் நடக்கும். அடுத்த வருடம் ‘போன தடவைதான் எழுதிட்டாளே’ என்று விட்டுவிடுவார்கள். உடம்பு சரியில்லாமல் அந்த அக்டோபர் தவறிப்போனால், எஸ்ஏடி மார்க்கை வைத்து நேஷனல் மெரிட்டுக்கு விண்ணப்பிக்க ஒரு மாற்று வழி உண்டு. ஆனால் அதை நாமாகக் கேட்டு வாங்க வேண்டும், யாரும் தேடி வந்து சொல்ல மாட்டார்கள்.

சரி, மார்க் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஆட்கள் செய்யும் பெரிய தவறு இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். பிஎஸ்ஏடியில் இரண்டு பகுதிகள்: படித்தல்-எழுதுதல், கணக்கு. ஒவ்வொன்றும் 160 முதல் 760 வரை. கூட்டினால் உச்சம் 1520. ஆனால் நேஷனல் மெரிட் இந்தக் கூட்டுத்தொகையைப் பார்ப்பதே இல்லை. அவர்கள் பார்ப்பது செலக்‌ஷன் இண்டெக்ஸ் என்ற வேறொரு எண்ணை. படித்தல்-எழுதுதல் மார்க்கை இரட்டிப்பாக்கி, அதோடு கணக்கு மார்க்கைக் கூட்டி, பத்தால் வகுத்தால் வருவது அது. உச்சம் 228.

இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். ஒருவன் கணக்கில் முழு 760, படித்தலில் 680. இன்னொருத்தி நேரெதிர், படித்தலில் 760, கணக்கில் 680. இருவருக்கும் கூட்டுத்தொகை 1440. ஆனால் அவனுடைய இண்டெக்ஸ் 212, அவளுடையது 220. அந்த எட்டுப் புள்ளியில் பட்டியலே மாறிவிடும். செமிஃபைனலிஸ்ட், அதாவது உதவித்தொகைக்கான முதல் பட்டியலில் வருபவர், ஆவதற்குத் தேவையான குறைந்தபட்ச இண்டெக்ஸ் (கட்-ஆஃப்) ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி. நியூ ஜெர்ஸி, மாசசூசெட்ஸ் போன்ற இடங்களில் அது 220-ஐத் தாண்டுவது வழக்கம். பத்துப் புள்ளிக்கு மேல் குறைவாக இருக்கும் மாநிலங்களும் உண்டு. இவ்வளவு தெரிந்த பிறகும் சனிக்கிழமை காலையில் நம் பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? கணக்கு டியூஷனுக்கு. ஏற்கெனவே 740 வாங்குகிறவனை 760-க்குத் தள்ள ஒரு வருடம் செலவழிக்கிறோம். இண்டெக்ஸில் அதற்குக் கிடைப்பது இரண்டே புள்ளி. அதே இருபது மார்க்கை மற்ற பகுதியில் ஏற்றியிருந்தால் நான்கு.

நாடெங்கும் சுமார் 16,000 பேர் செமிஃபைனலிஸ்ட் ஆகிறார்கள். நேஷனல் மெரிட் நேரடியாகத் தரும் தொகை ஒரே ஒரு முறை 2,500 டாலர், அதுவும் அவர்களில் அடுத்த கட்டத்துக்குத் தேறும் ஃபைனலிஸ்டுகள் எல்லோருக்கும் கிடையாது. பெரிய பணம் அலபாமா பல்கலைக்கழகம் போல ஃபைனலிஸ்டுகளைத் தேடி அழைக்கும் சில பல்கலைக்கழகங்களில்தான். உங்கள் பிள்ளைக்கு அந்த மாதிரி இடத்தில் சேரும் எண்ணமே இல்லையென்றால், கட்-ஆஃபைப் பார்த்துத் தூக்கம் கெட வேண்டாம்.

அடுத்தது பழைய புத்தகங்கள். அண்ணன் படித்தது, நண்பர் வீட்டில் கொடுத்தது என்று அலமாரியில் தடித்தடியாக இருக்குமே, அவை. 2023 இலையுதிர் காலத்திலிருந்து இந்தத் தேர்வு முழுக்கக் கணினியில், ப்ளூபுக் என்ற செயலியில் நடக்கிறது. மொத்தம் 98 கேள்விகள், 2 மணி 14 நிமிடம், நடுவில் பத்து நிமிட இடைவேளை. பழைய தேர்வில் ஒரு நீண்ட பத்தி, அதற்குப் பத்துக் கேள்வி. இப்போது ஒரு குட்டிப் பத்தி, அதற்கு ஒரே கேள்வி, அவ்வளவுதான். பழைய புத்தகத்தில் பயிற்சி எடுத்த பிள்ளை பத்து நிமிடம் ஒரே கட்டுரையில் ஊறிக் கிடக்கப் பழகியிருக்கும். இங்கே எழுபது வினாடிக்கு ஒருமுறை தலைப்பு மாறும். ப்ளூபுக்கிலேயே முழுநீள மாதிரித் தேர்வுகள் இலவசமாக இருக்கின்றன. கான் அகாடமியும் இலவசம்.

ஒவ்வொரு பகுதியும் தனித்தனி நேரம் வைத்த இரண்டு துண்டுகள், அதாவது மாட்யூல்கள். முதல் மாட்யூலில் எப்படிச் செய்தீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டாவது கடினமாகவோ எளிதாகவோ வரும். இது தெரியாததால் இரண்டு விதத் தவறு நடக்கிறது. ஒன்று, முதல் மாட்யூலை வேகமாக முடித்து அந்த நேரத்தை அடுத்ததற்குச் சேமிக்கலாம் என்று நினைப்பது. நேரம் அப்படிச் சேராது; மாட்யூல் முடிந்தால் முடிந்ததுதான், திரும்பிப் போகவும் முடியாது. இன்னொன்றை என் சின்னவள் செய்தாள். இரண்டாவது கணக்கு மாட்யூல் திடீரென்று கடினமாக வந்ததும், எல்லாம் போச்சு என்று முடிவுகட்டி, பாதியைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டிவிட்டு வந்தாள். முதல் பாதியை நன்றாகச் செய்ததால்தான் அவ்வளவு கடினமாக வந்தது என்று காரில் வரும்போது நான் சொல்ல, அவள் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே! முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.

படித்தல்-எழுதுதல் மாட்யூலுக்குள் ஒரு வரிசை இருக்கிறது. சொல்லின் பொருள், பத்தியின் நோக்கம் எல்லாம் முதலில். கமா, செமிகோலன், வினைச்சொல் ஒருமையா பன்மையா என்கிற இலக்கணக் கேள்விகள் பின்பாதியில். 32 நிமிடத்தில் 27 கேள்வி. முன்பாதியில் ஒரு கவிதை வரியைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டும் பிள்ளைக்குப் பின்பாதி வரும்போது நேரம் இருக்காது. பயிற்சியில் சீக்கிரம் தேறக்கூடிய கேள்விகளே அவைதான்! விதிகள் கொஞ்சம்தான். இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்டக்கூடாது என்ற ஒரே விதியைப் பல வேஷத்தில் கேட்பார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இதைப் படிப்பதே இல்லை, ‘காதுக்குச் சரியாப் படுது’ என்று குறித்துவிடுவார்கள். காது கமாவைக் கேட்காது. நேரம் போதாத பிள்ளையை இலக்கணக் கேள்விகளை முதலில் முடித்துவிட்டு மேலே வரச் சொல்லிப் பாருங்கள். ஒரு மாட்யூலுக்குள் முன்னும் பின்னும் போகலாம்.

கணக்கில் மார்க் போவது பெரும்பாலும் தெரியாததால் இல்லை. இந்த மாதிரி ஒரு கேள்வியைப் பாருங்கள்: 3எக்ஸ் + 7 = 22 என்றால் 6எக்ஸ் + 14 எவ்வளவு? பிள்ளை எக்ஸ் 5 என்று கண்டுபிடிக்கும். விடைகளில் 5 இருக்கும். குறித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். கேட்டது 44. இடப்பக்கம் முழுவதும் இரட்டிப்பாகியிருப்பதைக் கவனித்திருந்தால் எக்ஸைக் கண்டுபிடிக்கவே தேவையில்லை, 22-ஐ இரட்டிப்பாக்கினால் போதும். திரையிலேயே டெஸ்மோஸ் கிராஃபிங் கால்குலேட்டர் இருக்கிறது, கணக்குப் பகுதி முழுக்கப் பயன்படுத்தலாம். அருமையான கருவி, தேர்வுக்கு முன்பே பழகத்தான் வேண்டும். ஆனால் மேலே உள்ள கணக்குக்கு அதைத் திறப்பது கொசுவுக்குப் பீரங்கி.

வாரம் ஒரு மாதிரித் தேர்வு என்று அடுக்குவதிலும் பலன் குறைவு. ஒன்றை எழுதினால், தவறான ஒவ்வொரு கேள்விக்கும் ஏன் தப்பு என்று ஒரு வரி எழுத வைக்கவும். எங்கள் வீட்டு நோட்டில் அதிகம் வந்த வரி: ‘கேள்வியைப் பாதிதான் படித்தேன்.’

அப்புறம், விடை தெரியாவிட்டாலும் எதையும் காலியாக விடக்கூடாது. நம் ஊரில் நெகட்டிவ் மார்க்கிங்கில் அடிபட்டு வந்த அப்பாக்கள் பிள்ளைகளிடம் ‘தெரியலைன்னா விட்டுடு’ என்று சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். இங்கே தவறான விடைக்கு மார்க் குறைப்பு இல்லை.

மார்க் அறிக்கையில் பச்சை நிறம் பார்த்து ஏமாறுவதும் உண்டு. ‘கல்லூரிக்குத் தயார்’ என்பதற்கான அளவுகோல் பதினொன்றாம் வகுப்புக்குப் படித்தல்-எழுதுதலில் 460, கணக்கில் 510. கல்லூரி முதல் பருவப் பாடத்தில் சி கிரேடாவது வாங்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்பதுதான் அதன் அர்த்தம். நம் வீடுகளில் சி கிரேடுக்கு என்ன மரியாதை என்று உங்களுக்கே தெரியும். சிவப்பாக இருந்தாலும் பதறாதீர்கள், இந்த மார்க் கல்லூரிகளுக்குப் போவதில்லை.

அந்த 1520-தான் ஊரில் எல்லோரையும் குழப்புகிறது. பிஎஸ்ஏடியும் எஸ்ஏடியும் ஒரே அளவுகோல். இங்கே 1400 வாங்கியவள் அன்றே எஸ்ஏடி எழுதியிருந்தால் ஏறக்குறைய 1400 வந்திருக்கும். உச்சம்தான் வேறு, எஸ்ஏடிக்கு 1600. சின்னவளுக்கு மார்க் வந்தது போன வருடம் தீபாவளியை ஒட்டி. விருந்தில் பிரியாணித் தட்டோடு வந்த நண்பர், “எவ்வளவும்மா, 1600-க்கு?” என்று கேட்டார்.

“1520-க்கு, அங்கிள்” என்றாள் சின்னவள். எவ்வளவு என்று கடைசிவரை சொல்லவில்லை.