வீட்டு ஆற்றல் சான்றிதழ்: இங்கிலாந்தில் வீடு விற்பவர்களும் வாடகைக்கு விடுபவர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு வீட்டை விற்பதற்கோ வாடகைக்கு விடுவதற்கோ விளம்பரம் செய்பவர், அந்த வீட்டின் ஆற்றல் செயல்திறன் சான்றிதழுக்கு முன்னதாகவே ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்பது சட்டம். எல்லோரும் இபிசி என்று சுருக்கமாகச் சொல்லும் இந்தச் சான்றிதழ் 2007இல் விற்பனைக்கு வரும் வீடுகளுக்கும், 2008 அக்டோபரில் வாடகை வீடுகளுக்கும் நடைமுறைக்கு வந்தது. ஒருமுறை எடுத்தால் 10 ஆண்டுகளுக்குச் செல்லும். வீட்டுக்கு ஒரு புள்ளி கணக்கிடப்பட்டு, 92உம் அதற்கு மேலும் என்றால் 'ஏ', 81 முதல் 91 வரை 'பி', 69 முதல் 80 வரை 'சி', 55 முதல் 68 வரை 'டி', 39 முதல் 54 வரை 'இ', 21 முதல் 38 வரை 'எஃப்', அதற்கும் கீழே 'ஜி' என்று தரம் குறிக்கப்படுகிறது. லண்டனின் ஈஸ்ட்ஹாம், ஹாரோ, டூட்டிங், கிராய்டன் பகுதிகளில் குடியிருக்கும் வீட்டோடு இன்னொரு வீட்டையும் வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் தமிழர்கள் பலர், இதை சொலிசிட்டர் (வழக்கறிஞர்) கேட்கும்போது எடுத்துக் கொடுக்க வேண்டிய இன்னொரு தாள் என்றே நினைக்கிறார்கள். கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த நினைப்பிலிருந்து வருபவை.

முதலில், அந்தப் புள்ளி எதை அளக்கிறது என்று தெரியாமல் பணத்தைச் செலவிடுவது. சான்றிதழின் முகப்பில் பெரிதாக நிற்கும் எழுத்து, வீட்டிலிருந்து வெளியேறும் கரியமில வாயுவைக் குறிப்பதன்று. ஒரு சதுர மீட்டருக்கு அந்த வீட்டைச் சூடாக்கவும் வெந்நீர் போடவும் விளக்கெரிக்கவும் எவ்வளவு செலவாகும் என்று ஒரு பொதுவான குடும்பத்தை வைத்துப் போடப்படும் கணக்கே அது. சுற்றுச்சூழல் தாக்கத்துக்கான கணக்கு தனியாக உண்டு. சட்டம் வாடகை வீட்டுக்குக் குறைந்தபட்சத் தரமாகப் பார்ப்பது செலவுக் கணக்கைத்தான். இந்நாட்டில் மின்சாரம் யூனிட்டுக்கு எரிவாயுவைவிடப் பல மடங்கு விலை என்பதால், எரிவாயு பாய்லரை எடுத்துவிட்டுச் சாதாரண மின்சார ஹீட்டர்களைப் பொருத்தினால் தரம் கீழே இறங்கும்.

இதில் மிகவும் வருந்தத்தக்கது சிறிய அடுக்குமாடி வீடுகளில் நடப்பது. எரிவாயு இணைப்பு இல்லாத அவ்வீடுகளில் இரவு நேரக் குறைந்த கட்டணத்தில் சூட்டைச் சேமித்துப் பகலில் வெளிவிடும் பழைய ஸ்டோரேஜ் ஹீட்டர்கள் இருக்கும். பார்ப்பதற்குப் பருமனாகவும் பழையதாகவும் இருக்கின்றன என்று உரிமையாளர் அவற்றைக் கழற்றிவிட்டு, சுவரோடு ஒட்டிய மெல்லிய புதிய பேனல் ஹீட்டர்களை மாட்டுகிறார். விற்பவரும் 'நூறு சதவீதம் திறன்' என்று சொல்லியே கொடுத்திருப்பார். கொடுத்த மின்சாரம் முழுவதும் சூடாகிறது என்ற பொருளில் அது பொய்யுமில்லை. ஆனால் இரவுக் கட்டணத்தின் பலன் கணக்கிலிருந்து போய்விட, 'டி'யில் இருந்த வீடு 'எஃப்'க்குப் போகக்கூடும். வாடகை வீட்டுக்குக் குறைந்தபட்சம் 'இ' தரம் வேண்டும் என்பதால், 'எஃப்' தர வீட்டை அரசின் பதிவேட்டில் பதிவு செய்த விலக்கு இல்லாமல் வாடகைக்கு விடவே முடியாது. வெப்பமூட்டும் ஏற்பாட்டில் கைவைக்கும் முன், மாற்றத்துக்குப் பின் புள்ளி என்னவாகும் என்று, வீட்டைப் பார்த்துச் சான்றிதழ் தரும் மதிப்பீட்டாளரிடம் ஒரு முன்கணக்குப் போட்டுக் கேட்பதற்கு ஆகும் சிறிய கட்டணம், பின்னால் வரும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

இதே அறியாமை வேறு வடிவங்களிலும் வருகிறது. புதிய குளிர்சாதனப் பெட்டிக்கும் சலவை இயந்திரத்துக்கும் இந்தக் கணக்கில் இடமே இல்லை. சாளரங்களை முழுவதுமாக மாற்றுவதற்கு ஆயிரக்கணக்கில் செலவாகும்; கூடும் புள்ளிகளோ பெரும்பாலும் சில. மாறாக, வெந்நீர்த் தொட்டிக்கு 80 மில்லிமீட்டர் உறையும் தெர்மோஸ்டாட்டும், ரேடியேட்டர்களுக்குத் தனித்தனி வெப்பக் கட்டுப்பாட்டு வால்வும், எல்லா விளக்குகளுக்கும் எல்இடியும் குறைந்த செலவில் முடிபவை. முன்னறையில் பல ஆண்டுகளாக யாரும் பற்றவைக்காத பழைய எரிவாயுக் கணப்பு இன்னும் இணைப்போடு இருந்தால் அது இரண்டாவது வெப்பமூட்டியாகக் கணக்கில் சேரும். தகுதி பெற்ற எரிவாயுத் தொழிலாளியைக் கொண்டு அதை முறையாக அகற்றிவிடுவதாலேயே புள்ளி ஏறிய வீடுகள் உண்டு.

அடுத்தது, என் கணிப்பில் எல்லாவற்றையும்விட அதிகம் பேரைப் பாதிப்பது: செய்த வேலைக்குச் சான்று வைத்துக்கொள்ளாமை. மதிப்பீட்டாளர் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்கமாட்டார், சுவரில் துளையிடமாட்டார். கண்ணால் கண்டதையும் ஆவணத்தால் நிரூபிக்கப்பட்டதையும் மட்டுமே அவர் பதிவு செய்யலாம். இரண்டும் இல்லாத இடத்தில், அந்த வீடு கட்டப்பட்ட காலத்தில் வழக்கமாக எப்படிக் கட்டியிருப்பார்கள் என்ற அனுமானத்தை மென்பொருள் எடுத்துக்கொள்ளும். 1900ஆம் ஆண்டை ஒட்டிக் கட்டிய வரிசை வீட்டுக்கு அந்த அனுமானம் எவ்வளவு மோசமாக இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கூரைக்கு அடியில் உள்ள வெற்றிடமான லாஃப்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே 270 மில்லிமீட்டர் இன்சுலேஷன், அதாவது வெப்பக்காப்பு, விரித்திருக்கிறது. ஆனால் மூடியை நேரே திறக்க முடியாதபடி அதன் கீழே அலமாரி நிற்கிறது. திறந்தாலும் ஊருக்குப் போய்வந்த சூட்கேஸ்களும் சடங்குச் சாமான் பெட்டிகளும் வழியை அடைத்திருக்கின்றன. வந்தவர் ஏணியோடு சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, 'அணுக முடியவில்லை' என்று குறித்துவிட்டுப் போவார். அந்த 270 மில்லிமீட்டர் கணக்கில் இல்லை. முழுவதும் பலகை அடித்து மூடிய லாஃப்ட்டிலும் இதே சிக்கல் உண்டு. ஓரத்தில் ஒரு பலகையையாவது கழற்றி, அளவுகோல் இறங்குமளவு இடம் விட்டுவைப்பது நல்லது.

லாஃப்ட்டை அறையாக மாற்றியவர்களுக்கு இழப்பு இன்னும் பெரிது. சரிவுக் கூரையின் உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது. கவுன்சிலின் கட்டட ஒழுங்குமுறைப் பிரிவு கொடுத்த நிறைவுச் சான்றிதழைக் காட்டினால், அந்த அறை கட்டிய ஆண்டின் விதிகளுக்கு உட்பட்டது என்று மதிப்பீட்டாளர் பதிவு செய்ய வழியுண்டு. காட்ட முடியாதவருக்கு, சில ஆண்டுகளுக்கு முன் முழு விதிமுறையோடு கட்டிய அறைகூட விக்டோரியா காலத்துக் கூரையாகக் கணக்காகிவிடலாம். உட்புறச் சுவருக்கு இன்சுலேஷன் போட்டு மேலே பூச்சுப் பூசியவர்களுக்கும் இதுவே பொருந்தும். வீட்டின் முகவரியும் செய்த வேலையின் விவரமும் உள்ள பற்றுச்சீட்டு, சுவர் இடைவெளியை நிரப்பிய நிறுவனம் கொடுத்த உத்தரவாதப் பத்திரம், சாளரம் மாற்றிய வேலை விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் ஃபென்சா சான்றிதழ் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து, மதிப்பீட்டாளர் வரும் நாளில் மேசைமேல் எடுத்து வையுங்கள். அவர் போனபின் மின்னஞ்சலில் அனுப்பலாம் என்று விடுவதைவிட அது மேல்.

ஒரு சிறு தகவல்: இரட்டைக் கண்ணாடிச் சாளரங்களில் இரு கண்ணாடிகளுக்கும் நடுவே ஓரமாக ஓடும் உலோகப் பட்டையில் பல வேளைகளில் தயாரித்த தேதி அச்சிடப்பட்டிருக்கும். 2002க்கு முந்தியதா பிந்தியதா என்பது கணக்கில் வேறுபாடு செய்வதால், ஃபென்சா தாள் தொலைந்தவர்கள் அந்தப் பட்டையைப் பார்க்கலாம். சுவரின் தன்மையையும் உரிமையாளரே ஓரளவு அறியலாம். வெளிச்சுவரில் எல்லாச் செங்கல்லும் நீளவாட்டிலேயே தெரிந்தால் பெரும்பாலும் நடுவில் இடைவெளி விட்ட இரட்டைச் சுவர். நீளமும் குட்டையுமாக மாறி மாறித் தெரிந்தால் இடைவெளியில்லாத திண்சுவர். சான்றிதழில் வேறுவிதமாக எழுதியிருந்தால் கேள்வி கேட்க அதுவே போதுமான காரணம்.

விற்பனையில் காணும் தவறு பெரும்பாலும் நேரத்தைப் பற்றியது. வீட்டைச் சந்தைக்குக் கொண்டுவரும் முன்பே சான்றிதழுக்கு ஏற்பாடு செய்திருக்க வேண்டும். வந்தபின் 7 நாட்களுக்குள் அதைப் பெற நியாயமான எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும். அதிலும் கிடைக்காவிட்டால் மேலும் 21 நாட்கள் உண்டு. விளம்பரத்தில் தரத்தைக் காட்டுவதும் கட்டாயம். மீறினால் குடியிருப்பு வீட்டுக்கு 200 பவுண்டு அபராதம். தெரிந்த குடும்பத்துக்கு, முகவர் இல்லாமல், வாய்மொழியாகப் பேசி விற்கிறோம் அல்லது வாடகைக்கு விடுகிறோம் என்பது விலக்கு ஆகாது. நம்மவர்களிடையே இந்தத் தவறு சற்று அதிகம். தான் குடியிருக்கும் வீட்டில் ஓர் அறையை மட்டும் ஒருவருக்கு விடுபவருக்கோ சான்றிதழ் தேவையில்லை. குடியிருப்பவர் வீட்டில் இருக்கும்போதே 10 ஆண்டு முடிந்துவிட்டால், அதற்காக உடனே புதுப்பிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அடுத்த முறை புதிதாக விடும்போதோ விற்கும்போதோதான் தேவைப்படும்.

வாடகைக்கு விடுபவருக்குச் சான்றிதழ் இருந்தால் மட்டும் போதாது, தரமும் வேண்டும். 2015ஆம் ஆண்டு விதிகளின்படி 2018 ஏப்ரல் 1 முதல் புதிய வாடகை ஒப்பந்தங்களுக்கும் புதுப்பித்தல்களுக்கும், 2020 ஏப்ரல் 1 முதல் ஏற்கெனவே நடக்கும் ஒப்பந்தங்களுக்கும் குறைந்தபட்சம் 'இ' தரம் கட்டாயமாகியது. 'எஃப்', 'ஜி' வீடுகளுக்கு உரிமையாளர் தன் கைப்பணத்திலிருந்து மதிப்புக்கூட்டு வரி உட்பட 3,500 பவுண்டு வரை செலவிட வேண்டும் என்பதும் விதி. அந்தத் தொகையைச் செலவழித்துவிட்டாலே கடமை முடிந்தது என்று நினைப்பதுதான் இங்கே பொதுவான பிழை. செலவழித்தும் 'இ'யை எட்டவில்லையென்றால், அரசின் விலக்குப் பதிவேட்டில் ஆதாரங்களுடன் பதிவு செய்த பிறகே அந்த வீட்டைத் தொடர்ந்து வாடகைக்கு விடலாம். மிக மலிவான ஒரே வேலையே 3,500ஐத் தாண்டுகிறது என்று வாதிடுபவர் மூன்று விலைப்புள்ளிகளைக் காட்ட வேண்டும். அடுக்குமாடியின் நில உரிமையாளர் அனுமதி தரவில்லை என்பவர், அனுமதி கேட்டதையும் மறுக்கப்பட்டதையும் காட்ட வேண்டும். விலக்கு பொதுவாக 5 ஆண்டுகளுக்குச் செல்லும். வீடு கைமாறினால் வாங்கியவருக்கு அது வராது. வாடகைதாரரோடு சேர்த்து ஒரு 'எஃப்' வீட்டை வாங்குபவருக்கு 6 மாத தற்காலிக விலக்கே உண்டு, அதையும் பதிவு செய்தாக வேண்டும் என்பதை ஏலத்தில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்குபவர்கள் முன்னரே கணக்கில் சேர்ப்பது நல்லது. தரம் குறைந்த வீட்டை 3 மாதத்துக்குக் குறைவாக விட்டிருந்தால் 2,000 பவுண்டு வரையும், அதற்கு மேல் என்றால் 4,000 வரையும் கவுன்சில் அபராதம் விதிக்கலாம். ஒரு வீட்டுக்கு மொத்தமாக 5,000 வரை போகும்.

பாரம்பரியக் கட்டடமாகப் பட்டியலிடப்பட்ட வீடு என்பதால் இவை எதுவும் தனக்கு இல்லை என்று சொல்பவர்களும் உண்டு. பட்டியலில் இருப்பது தானாக விலக்குத் தராது. தேவையான வேலைகள் கட்டடத்தின் தன்மையையோ தோற்றத்தையோ ஏற்கமுடியாத அளவுக்கு மாற்றிவிடும் என்ற நிலையில்தான் அந்த வாதம் நிற்கும். லாஃப்ட்டில் இன்சுலேஷன் விரிப்பதால் எந்த முகப்பும் கெடுவதில்லை.

'இ'யோடு நிம்மதி அடைவதும் இப்போது ஆபத்தானது. வாடகை வீடுகளுக்கு 2030க்குள் 'சி' தரம் என்று அரசு 2025 பிப்ரவரியில் முன்மொழிந்தது. சான்றிதழின் அளவுகோல்களையே மாற்றும் திட்டத்தை அதற்கு முன்பே, 2024 டிசம்பரில் முன்வைத்திருந்தது. முன்னர் ஒரு அரசு இப்படி அறிவித்ததை 2023 செப்டம்பரில் கைவிட்டது உண்மைதான். அதை நினைத்துச் சிலர் இம்முறையும் காத்திருக்கிறார்கள். குடியிருப்பவர் மாறும் இடைவெளியில் வீடு காலியாக இருக்கும் நாட்களைச் சுவர், கூரை வேலைகளுக்குப் பயன்படுத்திக்கொள்வது, எந்த அரசு வந்தாலும் வீண்போகாது என்பது என் கருத்து.

மலிவான சான்றிதழைத் தேடுவதிலும் கவனம் வேண்டும். கட்டணத்தை அரசு நிர்ணயிப்பதில்லை. ஆகவே விலை ஆளுக்கு ஆள் மாறும். நேரில் வராமல் புகைப்படம் அனுப்பச் சொல்லிச் சான்றிதழ் தருபவரிடம் வாங்குவது விதிக்குப் புறம்பானது. வருபவர் அங்கீகாரம் பெற்றவரா என்று அரசின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். 2025 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள புதிய கணக்கீட்டு முறை ஒவ்வொரு சாளரத்தையும் தனித்தனியே அளக்கச் சொல்வதால், கால் மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போகிறவரைச் சந்தேகிக்கக் காரணம் உண்டு.

புதிய சான்றிதழ் எடுப்பதற்கு முன் பழையதையும் ஒருமுறை பாருங்கள். ஒரு வீட்டுக்குப் பல சான்றிதழ்கள் பதிவாகியிருந்தால் கடைசியாகப் பதிவானதே செல்லும். இன்னும் காலம் முடியாத நல்ல 'சி' ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, முகவர் சொன்னார் என்று புதிதாக எடுத்து 'டி' வாங்கிக்கொண்டால் பழையதைக் காட்ட முடியாது. மறுபக்கம், 2017 நவம்பருக்கு முன் எடுத்த சான்றிதழில் திண்சுவர் வீடுகளின் வெப்ப இழப்பு இப்போதையதைவிட அதிகமாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. அப்படி 'எஃப்'இல் மாட்டிய பழைய செங்கல் வீடு மறுமதிப்பீட்டில் ஏறவும் வாய்ப்பிருக்கிறது. இரண்டில் எதுவானாலும், பதிவேட்டில் ஏற்றும் முன் கணக்கின் முடிவைத் தனக்குக் காட்டும்படி மதிப்பீட்டாளரிடம் கேட்டுக்கொள்ளலாம். ஏற்றிய பின் தவறு தெரிந்தால் முதலில் அவரிடமே ஆதாரத்தோடு எழுதிக் கேட்க வேண்டும். அவர் திருத்த மறுத்தால், சான்றிதழிலேயே பெயர் குறிப்பிட்டிருக்கும் அவருடைய அங்கீகார அமைப்பிடம் முறையிடலாம். தவறு உறுதியானால் திருத்திய சான்றிதழ் அதே பதிவேட்டில் ஏறும்.