கடிகாரம் மட்டும் தமிழில் வேண்டுமா? லினக்ஸ் டெஸ்க்டாப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு லினக்ஸ் பயிற்சி வகுப்புக்கு உதவியாளாகப் போயிருந்தேன். உபுண்டு லினக்ஸின் ஒரு வகையான சுபுண்டு நிறுவிய மடிக்கணினியோடு ஒரு கல்லூரி மாணவி வந்தார். பேனலில், அதாவது திரையோரப் பட்டையில், இருக்கும் கடிகாரம் கிழமையையும் மாதத்தையும் தமிழில் காட்ட வேண்டும், அவர் கேட்டது அவ்வளவுதான். நான் பக்கத்து மேசையில் வேறொருவருக்கு வைஃபை சரிசெய்துவிட்டுத் திரும்புவதற்குள், அவர் மொழியை மாற்றி, லாக்அவுட் செய்து, மறுபடி உள்ளே வந்திருந்தார். திரையில் ஒரு சிறிய பெட்டி. அவர் விரல் பட்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது. "அதை அழுத்தாதேம்மா!" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அந்தப் பெட்டியிடம் நான் பட்ட பாடு அப்படி.

லாக்அவுட் செய்ய மறப்பது, பட்டியலில் தமிழுக்குப் பதில் தெலுங்கைத் தொடுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை தாமாகவே புரிந்துவிடும்.

கடிகாரத்துக்காகக் கணினி முழுவதையும் மாற்றுவது

லினக்ஸில் மொழி என்பது ஒரே சுவிட்ச் அல்ல. மெனுவும் பிழைச் செய்திகளும் எந்த மொழியில் வர வேண்டும் என்பது ஓர் அமைப்பு. தேதி, நேரம், நாணயம், எண்களுக்குக் காற்புள்ளி இடும் முறை ஆகியவை வேறு அமைப்புகள். பேனல் கடிகாரம் பார்ப்பது எல்சி-டைம் என்ற தேதி அமைப்பை மட்டும்தான். உபுண்டுவின் மொழி ஆதரவுச் சாளரத்தில் இரண்டு தாவல்கள் இருக்கும். முதலாவது மொழிக்கு, இரண்டாவது வட்டார வடிவங்களுக்கு. இரண்டாவதில் 'தமிழ் (இந்தியா)' என்று வைத்தால் 'வியாழன்', 'ஆகஸ்ட்' எல்லாம் வந்துவிடும். மெனு ஆங்கிலத்திலேயே இருக்கும். இலங்கையில் இருப்பவர்கள் 'தமிழ் (இலங்கை)' என்பதைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் நாணயம் இந்திய ரூபாயாக வந்து நிற்கும்.

பட்டியலில் தமிழே இல்லையென்றால் அந்த லோகேல் (மொழியும் நாடும் சேர்ந்த அமைப்புத் தொகுப்பு) இன்னும் உருவாக்கப்படவில்லை என்று பொருள். அதை முதலில் உருவாக்குங்கள். உருவாக்காத லோகேலைக் கொடுத்தால் கடிகாரம் எந்தப் புகாரும் சொல்லாமல் ஆங்கிலத்திலேயே ஓடும்.

ஃபோல்டர் பெயர்களை மாற்றச் சம்மதிப்பது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் தாவலில் மொழியையே மாற்றிவிட்டு மறுபடி நுழைந்தால், நீங்கள் புதிய மொழியில் வந்திருக்கிறீர்கள், வழக்கமான ஃபோல்டர்களின் பெயர்களையும் அந்த மொழிக்கு மாற்றட்டுமா என்று ஒரு பெட்டி கேட்கும். திரை முழுக்கத் தமிழைப் பார்த்த மகிழ்ச்சியில் யாராக இருந்தாலும் சரி என்றுதான் அழுத்துவார்கள். நானும் அழுத்தினேன். உள்ளே இருக்கும் கோப்புகள் இடம் மாறாது என்று அதே பெட்டியில் ஒரு வரி இருக்கிறது. அதை நான் படிக்கவில்லை.

உடனே கண்ணில் பட்டது, டெஸ்க்டாப் ஐகான்கள் காணாமல் போனதுதான். புதுப் பெயரில் ஒரு காலி ஃபோல்டர் பிறந்து அதுவே டெஸ்க்டாப் ஆகிவிட்டது. பழைய ஐகான்கள் பழைய ஃபோல்டரிலேயே கிடந்தன. அவற்றை இழுத்துப் போட்டுவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

என் பேக்கப் ஸ்கிரிப்ட், 'டாக்குமென்ட்ஸ்' என்ற ஆங்கிலப் பெயருள்ள ஃபோல்டரை ஒவ்வொரு இரவும் வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்து வந்தது. அந்த ஃபோல்டர் இருந்த இடத்திலேயே இருந்ததால் ஸ்கிரிப்ட் தினமும் வெற்றி என்றே பதிவு செய்தது. நான் புதிதாகச் சேமித்ததெல்லாம் 'ஆவணங்கள்' என்ற புது ஃபோல்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. மூன்று மாதம் கழித்து ஹார்ட் டிஸ்க் செத்தது. சித்தப்பாவின் பாத்திரக்கடைக் கணக்கு மூன்று மாதத்துக்கு எங்குமே இல்லை. பில் புத்தகங்களை வாங்கிவந்து இரண்டு வாரம் இரவெல்லாம் உட்கார்ந்து மறுபடி ஏற்றினேன். சித்தப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஒரு கடிகாரத்துக்காக இவ்வளவும். வட்டார வடிவத்தை மட்டும் மாற்றியிருந்தால் அந்தப் பெட்டி வந்தே இருக்காது. அது மெனு மொழி மாறினால்தான் எட்டிப்பார்க்கும்.

உங்களுக்கு மெனுவும் தமிழில் வேண்டுமென்றால் தாராளமாக மாற்றுங்கள். பெட்டி கேட்டால் பழைய பெயர்களே இருக்கட்டும் என்று சொல்லி, மறுபடி கேட்காதே என்பதையும் டிக் செய்யுங்கள். ஏற்கெனவே சம்மதித்துவிட்டீர்களா? ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் கான்ஃபிக் ஃபோல்டருக்குள் 'யூசர்-டிர்ஸ்' என்று தொடங்கும் இரண்டு கோப்புகள் இருக்கும். 'டிர்ஸ்' என்று முடிவதைத் திறந்தால் எந்த வேலைக்கு எந்த ஃபோல்டர் என்று வரிவரியாக எழுதியிருக்கும். பெயர்களைப் பழையபடி திருத்துங்கள். தமிழ்ப் பெயர் ஃபோல்டர்களில் சேர்ந்துவிட்ட கோப்புகளைப் பழைய இடத்துக்கு நகர்த்துங்கள். ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருந்தால் எது புதியது என்று பார்த்த பிறகே மேலெழுதுங்கள். பிறகு லாக்அவுட்.

எல்சி-ஆல்

தொடாதீர்கள். மற்ற எல்லா அமைப்புகளையும் மீறி நிற்பது அது, சோதனைக்கு மட்டுமே.

கிழமைப் பெயரை நம்பும் ஸ்கிரிப்டுகள்

எல்சி-டைம் தமிழான பிறகு, டெர்மினலில் 'டேட்' கட்டளையும் தமிழில் பேசும். 'சன்' (ஞாயிறின் ஆங்கிலச் சுருக்கம்) என்று வந்தால் ஓடு என்று எழுதிய ஸ்கிரிப்ட் அதன்பின் ஓடாது. கிழமையை எண்ணாகக் கேளுங்கள்: திங்கள் 1, ஞாயிறு 7.

பேஷ்-ஆர்சியில் எழுதுவது

எல்சி-டைமை அந்தக் கோப்பில் எழுதினால் அது டெர்மினலுக்கு மட்டும்தான். பேனல் அதைப் படிப்பதில்லை.

கட்டம் கட்டமாகத் தெரிவது

எழுத்துரு இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் நிறுவுங்கள்.

காங்கியில் தமிழைக் கேட்பது

டெஸ்க்டாப்பில் நேரம், நினைவகம், வெப்பநிலை காட்டும் காங்கி என்ற நிரலை எனக்குப் பிடிக்கும். ஆனால் எக்ஸ்11 என்ற திரை முறையில் அது எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக வைக்குமே தவிர, தமிழுக்கேற்ப அடுக்காது. 'சனி' ஓரளவு சரியாகத் தெரியும். 'செவ்வாய்', 'வெள்ளி' இரண்டிலும் கொம்பு, எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். இதற்காக எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு நாளை வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்த எழுத்துருவும் இதைத் தீர்க்காது. கிழமையைப் பேனல் கடிகாரத்திடம் விட்டுவிட்டு, காங்கியில் எண்களை மட்டும் வையுங்கள்.

பாதி தமிழ், பாதி ஆங்கிலம் என்று மறுபடி நிறுவுவது

மெனுவையும் தமிழுக்கு மாற்றியவர்கள் கேட்பது இது. விட்ஜெட்டின் (கடிகாரம் போன்ற சிறு நிரலின்) ஒவ்வொரு சொற்றொடரும் தனித்தனியாக மொழிபெயர்ப்புக் கோப்பில் தேடப்படும். தமிழ் இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் ஆங்கிலம். மறுபடி நிறுவினால் அதே கோப்புதான் வரும். விடுபட்ட வரிகளை போஎடிட் போன்ற ஒரு கருவியில் திறந்து நீங்களே நிரப்பலாம். நிரப்பியதை விட்ஜெட்டை எழுதியவருக்கும் அனுப்பிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த அப்டேட்டில் உங்கள் தமிழ் அழிந்துவிடும்.