ஆதார் எண்ணுக்குப் பதில் விஐடி கொடுங்கள்
ஒரே ஆதார் எண் நாலு இடத்தில் பதிவானால், அந்த நாலு பட்டியலையும் இணைத்து உங்களைப் பற்றிய முழு விவரத்தைத் திரட்டிவிடலாம். இதைத் தடுக்கவே, ஆதார் எண்ணுக்குப் பதிலாகத் தரக்கூடிய 16 இலக்கத் தற்காலிக எண்ணான விஐடி (மெய்நிகர் அடையாள எண்) 2018இல் வந்தது. விஐடி பெற, ஆதாரில் பதிந்த கைபேசியிலிருந்து ஜி, வி, ஐ, டி என்ற ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, ஆதாரின் கடைசி 4 இலக்கங்கள் என அடித்து 1947க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். விஐடியை வைத்து ஆதார் எண்ணைக் கணக்கிட முடியாது. புதியது எடுத்தால் பழையது செயலிழக்கும். எனவே சரிபார்ப்பு முடிந்ததும் மாற்றிவிடுவது நல்லது. நகல் கேட்கும் விடுதிகளுக்கு, கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் போதும். பலர் கோட்டைவிடுவது கைபேசி எண்ணில்தான்: எல்லா இடத்திலும் ஒரே எண்ணைத் தந்தால், அதை வைத்தே இணைத்துவிடுவார்கள். கட்டாயமில்லாத இடத்தில் படிவத்தின் கைபேசி எண் கட்டத்தை நிரப்பாதீர்கள்.