டிரெய்லர் வாலாட்டியது நின்ற விதம்

வேகம் 70-ஐத் தாண்டினாலே டிரெய்லர் வாலாட்டியது. டயர் காற்று சரி, பேரிங் சரி. கோளாறு சுமை ஏற்றியதில்தான்.

சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, டிரெய்லரைச் சமமட்டத்தில் நிறுத்தி, கப்ளருக்கு (டிரெய்லர் மூக்கின் நுனியில் இருக்கும் பூட்டு) அடியில் ஹிட்ச் (காரின் பின்னால் அதை மாட்டும் இணைப்பு) உயரத்துக்கு மரக்கட்டை வைத்து, அதை எடை மெஷின்மேல் இறக்கினேன். சுமையோடு மொத்தம் 800 கிலோ. மூக்கில் இறங்கியதோ வெறும் 40. பொதுவான கணக்குப்படி மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம், அதாவது 80 முதல் 120 கிலோ, மூக்கில் இறங்க வேண்டும். (ஹிட்ச்சில் பொறித்திருக்கும் உச்சவரம்பை மீறக் கூடாது.) டிரெய்லரின் பின்கடைசியில் கிடந்த 100 கிலோ ஜெனரேட்டரை 1.5 மீட்டர் முன்னால் நகர்த்திக் கட்டினேன். அச்சிலிருந்து கப்ளர் 3 மீட்டர் என்பதால் நகர்த்திய எடையில் பாதி மூக்கில் கூடும்: 90 ஆனது. ஆட்டம் நின்றது.

இன்னொரு தப்பும் அகப்பட்டது. கப்ளர் 2 அங்குலம், அது கவ்வும் ஹிட்ச் பந்து 1 7/8 அங்குலம். லாட்ச் பூட்டிக்கொள்ளும், ஒரு பள்ளத்தில் கழன்றும் போகும்! பந்தை மாற்றினேன். பூட்டியபின் முன்ஜாக்கியால் டிரெய்லர் மூக்கைத் தூக்கிப் பாருங்கள். காரின் பின்புறமும் சேர்ந்து எழ வேண்டும். சங்கிலிகளைக் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்டினால், கழன்ற மூக்கு தரையில் குத்தாமல் அதில் தங்கும்.

ஓட்டும்போது ஆட ஆரம்பித்தால் ஆக்சிலரேட்டரை விடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள். காரின் பிரேக்கை ஓங்கி மிதித்தால் டிரெய்லர் காரை முறுக்கித் தள்ளிவிடும்.