திருப்பூரில் கம்பெனி போட்டால் போதுமா?

"திருப்பூரில் போய் உட்கார்ந்தால் பனியன் தொழில் தானாக ஓடும்" என்பார்கள். ஒரே தொழில் ஒரே ஊரில் குவிந்தால் உற்பத்தித்திறன் கூடும் என்பது உண்மைதான். தேர்ந்த ஆட்கள் கிடைப்பார்கள், துணைத்தொழில்கள் பக்கத்திலேயே முளைக்கும், தொழில் நுணுக்கம் ஊருக்குள் பரவும் என்று பொருளியல் அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-லேயே எழுதிவிட்டார். ஆனால் ஊர் தருவதை வாங்கிக்கொள்ளத் தெரிய வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, எல்லா மெஷினையும் சொந்தமாக வாங்கிப் போடுவது. அங்கே நிட்டிங் ஒருவர், சாயம் ஒருவர், துணி பிறகு சுருங்காமல் அழுத்தித் தரும் காம்பாக்டிங் ஒருவர், பிரிண்டிங், காஜா பட்டன் என்று ஆளுக்கொரு வேலை. இப்படிப் பிறருக்குக் கூலிக்கு வேலை செய்து தரும் ஜாப் ஒர்க்காரரின் மெஷின் பல கம்பெனி ஆர்டர்களால் நாள் முழுக்க ஓடும். அதே மெஷின் உங்கள் ஷெட்டில் இருந்தால், ஆர்டர் இல்லாத மாதங்களில் சும்மா நிற்கும், வட்டி மட்டும் ஓடும். பெரிய ஏற்றுமதிக்காரர்கள் தரத்துக்காகவும் டெலிவரி தேதிக்காகவும் எல்லாவற்றையும் கைக்குள் வைத்திருப்பார்கள். அது அவர்கள் அளவுக்குச் சரி.

அடுத்தது, கணிப்பில் வரும் தவறு. அங்குள்ள கம்பெனிகள் திறமையாக இருந்தால் முழுப் பெருமையையும் ஊருக்கே கொடுத்துவிடுகிறோம். ஆனால் தாக்குப்பிடிக்காதவை மூடிப்போயிருக்கும், கெட்டிக்காரர்கள் தேடி வந்திருப்பார்கள். இதைப் பிரித்துப் பார்க்க, அமெரிக்காவில் கிரீன்ஸ்டோன், ஹார்ன்பெக், மொரெட்டி என்ற பொருளியல் ஆய்வாளர்கள் மூவரும் பெரிய ஆலையைப் பெற்ற மாவட்டங்களை, நூலிழையில் தவறவிட்ட மாவட்டங்களோடு ஒப்பிட்டார்கள். ஐந்து ஆண்டுகளில், பெற்ற இடங்களில் ஏற்கெனவே இருந்த ஆலைகளின் உற்பத்தித்திறன் 12 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதிலும் புது ஆலையைப் போன்ற ஆட்களையும் தொழில்நுட்பத்தையும் பயன்படுத்திய ஆலைகளுக்கே இந்தப் பலன் அதிகம். பக்கத்தில் இருந்தாலே போதாது.

வாடகையும் கூலியும் ஏறும் என்பதை மறக்கக் கூடாது. பழக்கிவிட்ட டெய்லர் பீஸுக்குக் கொஞ்சம் கூடக் கிடைத்தால் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். புலம்புவோம், ஆனால் நம்மிடம் இருப்பவரும் அப்படி வந்தவர்தானே?

அப்புறம், கூட்டாக வளர்வது போலவே கூட்டாக மாட்டிக்கொள்வதும் உண்டு. நொய்யல் ஆறு சாயக்கழிவால் மாசுபட்டதால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. தவறு செய்யாத பனியன் கம்பெனிக்கும் உள்ளூரில் சாயம் போட வழியில்லை. துணியை வெளியூருக்கு ஏற்றி அனுப்ப வேண்டியதாயிற்று. வெளியூர்ப் பட்டறை ஒன்றோடு இப்போதே பழகி வையுங்கள், மாதத்துக்கு ஒரு லாட்டாவது அங்கே போகட்டும்.